சிறிய பைத்தான் லைப்ரரியை 3.13 பதிப்புக்கு உயர்த்துதல்: படி வரிசையும் வழக்கமான தவறுகளும்

பைத்தான் 3.8 காலத்தில் எழுதப்பட்டு, ஓரிருவர் மட்டுமே பராமரிக்கும், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வரிகளுக்கு மேற்படாத ஒரு லைப்ரரியை 3.12, 3.13 ஆகிய பதிப்புகளில் ஓட வைப்பதற்கான வழிமுறை இது. அமைப்புக் கோப்புகளையும் பதிவேட்டுக் கோப்புகளையும் படிக்கும் என் சொந்த லைப்ரரி ஒன்றை இப்படி உயர்த்தினேன். பிறகு புதிதாக வந்த சிலர் இதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியதற்குக் காரணம் அறியாமை அன்று, வரிசை மாறியதே. நிரலில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது அவற்றின் மூல எழுத்துகளையே இட வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

3.8, 3.11, 3.12, 3.13 ஆகிய நான்கு பதிப்புகளும் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். பல பைத்தான் பதிப்புகளை அருகருகே நிறுவித் தரும் பைஎன்வ் அல்லது யூவி என்ற கருவி இதை எளிதாகச் செய்து தரும். இயங்குதளத்தோடு வந்த பைத்தானை மாற்றவோ நீக்கவோ கூடாது. லினக்ஸ் கணினிகளில் இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பியே ஓடுகின்றன.

ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி வெர்ச்சுவல் சூழல் (தொகுப்புகளைத் தனியே நிறுவிக்கொள்ளும் கோப்புறை) அமையுங்கள். பழைய சூழலையே புதிய பதிப்புக்குப் பயன்படுத்த முயல்வது வீண் வேலை, ஏனெனில் அதில் நிறுவப்பட்ட தொகுப்புகள் பழைய பதிப்பின் கோப்புறைக்குள் இருக்கும். புதிய பைத்தான் அந்த இடத்தில் தேடாது.

நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் தனிக் கிளை ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு வகைத் திருத்தத்தையும் தனிக் கமிட்டாக (மாற்றப் பதிவாக) இடுங்கள். இறக்குமதி வரி மாற்றமும் தேதிக் கணக்கு மாற்றமும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ஒரு பயனர் பிழை சொல்லும்போது எது உடைத்தது என்று பிரித்தறிய முடியாது.

2. பழைய பதிப்பில் சோதனைகள் பச்சையாக (தோல்வியின்றி) வருகின்றனவா என்று பார்த்தல்

இப்படியைத் தாண்டிச் செல்லாதவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். புதிய பதிப்பில் சோதனைகளை ஓட்டியதும் ஏழு தோல்விகள் வருகின்றன. உடனே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அவற்றில் இரண்டு பழைய பதிப்பிலும் தோற்கின்றன என்பது மறுநாள்தான் தெரிகிறது.

ஆகவே முதலில் எதையும் மாற்றாமல் 3.8 சூழலில் லைப்ரரியை நிறுவி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, முடிவை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். தோல்விகள் இருந்தால் அவற்றை முதலில் சரி செய்யுங்கள், அல்லது காரணத்தைக் குறித்து விலக்கி வையுங்கள்.

சோதனையே இல்லாத லைப்ரரியாக இருந்தால், வெளியே தெரியும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு சோதனையாவது எழுதிய பிறகே மேலே செல்ல வேண்டும். ஒரு மாதிரி உள்ளீட்டுக்கு இன்று என்ன வெளியீடு வருகிறதோ அதை அப்படியே பதிந்துகொண்டால் போதும். அந்த வெளியீடு சரியா தவறா என்பது வேறு கேள்வி. அது மாறக் கூடாது என்பதே இப்போதைய தேவை.

3. நேரே 3.13க்குத் தாவாமல் 3.11இல் நின்று செல்லுதல்

இவ்வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் ஒன்றை நீக்குவதற்கு முன் சில பதிப்புகளுக்கு எச்சரிக்கை தருவதே வழக்கம். எச்சரிக்கை வரும் பதிப்பில் நிரல் ஓடிக்கொண்டே தன் குறையைச் சொல்லும். நீக்கப்பட்ட பதிப்பிலோ முதல் இறக்குமதி வரியிலேயே நின்றுவிடும், அதற்கு அடுத்துள்ள குறைகள் எதுவும் தெரியாது.

3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் (தொகுப்புகளைக் கட்டும் பழைய முறை), இம்ப், அசின்கோர், அசின்சாட், எஸ்எம்டிபிடி ஆகிய மாட்யூல்கள் (பைத்தானோடு வரும் நிரல் பகுதிகள்) நீங்கின. 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், ஐஎம்ஜிஎச்டிஆர், பைப்ஸ் முதலிய 19 பழைய மாட்யூல்களும், அவற்றோடு லிப்2டூ3யும் நீங்கின. இவை அனைத்தும் 3.11இல் உயிரோடு இருக்கின்றன. அனைத்தும் எச்சரிக்கை தருகின்றன. 3.8இல் ஓட்டினால் டிஸ்ட்யூட்டில்ஸ் பற்றியோ சிஜிஐ பற்றியோ ஒரு சொல்லும் வராது, 3.13இல் ஓட்டினால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும், 3.11இல் ஓட்டினால் முழுப் பட்டியலும் ஒரே மூச்சில் கிடைக்கும்.

3.8இலிருந்து 3.11 வருவதற்குள்ளேயே உடைபவை சில உண்டு. கலெக்‌ஷன்ஸ் மாட்யூலிலிருந்து நேரடியாக மேப்பிங், இட்டரபிள் போன்றவற்றை எடுப்பது 3.10இல் நின்றது, அவற்றை கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்ற உள் மாட்யூலிலிருந்து எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்ஆர்க்ஸ்பெக் 3.11இல் நீங்கியது, கெட்ஃபுல்ஆர்க்ஸ்பெக் அல்லது சிக்னேச்சர் அதன் இடத்தைப் பிடிக்கும். இவை அரை மணி நேர வேலை.

4. எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கி ஓட்டுதல்

நீக்கப்படவிருப்பவற்றைப் பற்றிய வழக்கொழிவு எச்சரிக்கைகளைப் பைத்தான் இயல்பாகக் காட்டுவதில்லை; நேரடியாக ஓட்டப்படும் முதன்மைக் கோப்பில் எழும்போது மட்டுமே காட்டும். லைப்ரரி என்பது எப்போதும் இறக்குமதி செய்யப்படுவது என்பதால், அதன் எச்சரிக்கைகள் பயனர் கண்ணில் படாமலே போய்விடும். சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் அவற்றைத் திரட்டி இறுதியில் காட்டுகிறது, ஆனால் சோதனை பச்சையாக முடிந்த பிறகு கீழே உள்ள மஞ்சள் பகுதியை யாரும் படிப்பதில்லை.

எனவே பைடெஸ்டின் அமைப்புக் கோப்பில் எச்சரிக்கை வடிகட்டிக்கு "எரர்" என்ற மதிப்பைக் கொடுங்கள். இப்போது ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு தோல்வியாகிவிடும், கூடவே எந்த வரியில் எழுந்தது என்ற தடமும் கிடைக்கும்.

அடுத்த நிமிடமே நீங்கள் சார்ந்திருக்கும் பிறர் தொகுப்புகளின் எச்சரிக்கைகளும் பிழைகளாக வந்து குவியும். அந்தந்தத் தொகுப்பின் மாட்யூல் பெயரைக் குறிப்பிட்டு விலக்கு வரி சேர்க்கலாம். அவ்வரியை "எரர்" வரிக்குக் கீழேதான் எழுத வேண்டும். ஒரே எச்சரிக்கைக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் கடைசியில் உள்ளதே செல்லுபடியாகும் என்பது பைடெஸ்டின் விதி. விலக்கை மேலே எழுதிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முழு வகையையும் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு இப்படியைச் செய்ததும் செய்யாததும் ஒன்றுதான்.

5. சார்புத் தொகுப்புகளை உங்கள் நிரலுக்கு முன் பார்த்தல்

உங்கள் நிரலைத் தொடும் முன், 3.13 சூழலில் சார்புத் தொகுப்புகளை மட்டும் நிறுவிப் பாருங்கள். அவை நிறுவப்படாவிட்டால் உங்கள் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன் இல்லை.

சி மொழிப் பகுதி கொண்ட தொகுப்புகளில்தான் சிக்கல் வரும். புதிய பதிப்புக்கு முன்பே கட்டி வைத்த ஆயத்த வீல் கோப்பு இல்லையென்றால், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்ட முயலும்; சில நூறு வரிகளுக்கு கம்பைலர் பிழை ஓடும். அதைத் தங்கள் லைப்ரரியின் பிழை என்று எண்ணி ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவரை எனக்குத் தெரியும். வீல் கோப்புகளை மட்டுமே ஏற்கும்படி பிப்புக்குக் கட்டளை கொடுத்து நிறுவினால், இல்லை என்ற உண்மை ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். எண் கணக்குகளுக்கான நம்பை தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 3.13க்கான ஆதரவு அதன் 2.1 பதிப்பிலிருந்து வருகிறது, ஆனால் அதே 2.1 பதிப்பு பைத்தான் 3.9ஐக் கைவிட்டுவிட்டது. 3.9ஐயும் விடாமல் 3.13ஐயும் சேர்க்க விரும்புபவர் "இந்தப் பதிப்பு மட்டும்" என்று சமக்குறி இட்டுப் பூட்டியிருந்தால், இரண்டில் ஒரு பக்கம் நிறுவல் நிற்கும். லைப்ரரியில் குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்ல வேண்டும். பூட்டுவது அதைப் பயன்படுத்தும் செயலியின் வேலை.

6. கட்டும் முறையைச் சரி செய்தல்

3.12 முதல், புதிதாக உருவாக்கும் வெர்ச்சுவல் சூழலில், தொகுப்புகளைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் தானாக நிறுவப்படுவதில்லை. செட்டப்டூல்ஸ் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய கட்டளைகளும், பேக்கேஜ் ரிசோர்சஸ் மாட்யூலை வைத்துத் தன் பதிப்பு எண்ணைத் தேடும் நிரலும் இதனால் உடையும். பதிப்பு எண்ணுக்கு இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா போதும், அது 3.8 முதல் பைத்தானோடே வருகிறது.

திட்டத்தின் அமைப்பைச் சொல்லும் பைபிராஜெக்ட் டாமல் கோப்பில் கட்டும் கருவி எது என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். செட்டப்.பை கோப்பை முழுவதும் அகற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதற்குள் டிஸ்ட்யூட்டில்ஸ் இருக்கக் கூடாது.

டிஸ்ட்யூட்டில்ஸ் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். என் 3.12 சூழலில் அதன் இறக்குமதி எந்தப் பிழையும் இன்றி ஓடியது. வெளியிட்ட அன்றே ஒரு பயனரிடம் நின்றது. செட்டப்டூல்ஸ் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் பிரதி ஒன்றை வைத்திருக்கிறது, அது நிறுவப்பட்டுள்ள சூழலில் அந்தப் பெயரில் வரும் இறக்குமதிக்குத் தன் பிரதியைக் கொடுத்துவிடுகிறது. என் சூழலில் செட்டப்டூல்ஸ் இருந்தது, அவருடையதில் இல்லை. அன்றிலிருந்து ஓடிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மூலக் கோப்புறை முழுவதிலும் அந்தச் சொல்லைத் தேடியும் பார்க்கிறேன்.

7. நிரலைத் திருத்துதல்

இப்போதுதான் உங்கள் நிரலுக்கு வருகிறோம். 3.11 தந்த பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் சோதனையை ஓட்டி, பிறகு 3.12க்கும் அதன் பின் 3.13க்கும் செல்லுங்கள்.

பெயர் மட்டும் மாறியவை: சோதனைகளில் அசர்ட்ஈக்குவல்ஸ் என்று பன்மையில் எழுதியிருந்தால் 3.12இல் நிற்கும், கடைசி எழுத்தை நீக்கினால் போதும். கான்ஃபிக்பார்சரின் சேஃப்கான்ஃபிக்பார்சர் அதே பதிப்பில் நீங்கியது, முன்னொட்டை எடுத்துவிட்டால் சரியாகும். ரீட்எஃப்பி என்பது ரீட்ஃபைல் ஆகும். வேறொரு திட்டத்திலிருந்து நகலெடுத்து உங்கள் களஞ்சியத்தில் வைத்த, பதிப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தரும் பழைய வெர்ஷனீர் கோப்பிலும் இவ்விரண்டும் இருக்கக்கூடும். "இது நான் எழுதிய கோப்பு அல்லவே" என்று அதைப் பார்க்காமல் விடுவதால் நிறுவும் கட்டத்திலேயே தோல்வி வருகிறது.

நேரடி மாற்று இல்லாதவை: டிஸ்ட்யூட்டில்ஸில் இருந்த ஸ்டிர்டூபூல் என்ற சிறு செயற்கூறை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். "ட்ரூ" என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆயிற்று என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூலச் செயற்கூறோ ஒய், யெஸ், டி, ட்ரூ, ஆன், 1 ஆகிய ஆறையும் பெரிய எழுத்து சிறிய எழுத்து பாராமல் ஏற்றது. அவற்றுக்கு எதிரான ஆறு சொற்களையும் ஏற்றது. இரண்டிலும் சேராத எதற்கும் மதிப்புப் பிழை எழுப்பியது. ஒரு வரி மாற்றுடன், அமைப்புக் கோப்பில் "ஆன்" என்று எழுதியிருந்த பயனருக்கு அந்த வசதி ஓசையின்றி அணைந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பின்சாய்கோடுகள்: சாதாரணச் சரத்தில் பின்சாய்கோட்டை அடுத்து டி எழுத்தை இட்டு எண்களைத் தேடும் ரெகெக்ஸ் (உரையில் தேடுவதற்கான வடிவக் குறிப்பு) எழுதியிருந்தால், 3.12 முதல் அது தொடரியல் எச்சரிக்கையாகப் பயனர் கண்ணுக்கே தெரியும். சரத்துக்கு முன் ஆர் எழுத்தை இடுவது திருத்தம். ஆனால் அதே சரத்தில் புதுவரிக் குறியோ தத்தல் குறியோ இருந்து, அது ரெகெக்ஸாக இல்லாமல் வெறும் உரையாக இருந்தால், ஆர் இட்டவுடன் பொருள் மாறிவிடும். அங்கே பின்சாய்கோட்டை இரட்டிப்பதே சரி.

இவ்வெச்சரிக்கை கோப்பு தொகுக்கப்படும் வேளையில் மட்டுமே எழும். இரண்டாம் முறை ஓட்டும்போது சேமித்து வைத்த பைட்கோடு (ஏற்கெனவே தொகுத்த வடிவம்) பயன்படுவதால் எச்சரிக்கை மறைந்துபோகும், "தானாகச் சரியாகிவிட்டது" என்று தோன்றும். கம்பைல்ஆல் மாட்யூலைக் கட்டாயத் தொகுப்பு விருப்பத்துடனும், எச்சரிக்கையைப் பிழையாக்கும் விருப்பத்துடனும் மூலக் கோப்புறையின் மேல் ஓட்டினால் எல்லா இடங்களும் ஒரே முறையில் கிடைக்கும்.

தேதியும் நேரமும்: டேட்டைம் வகுப்பின் யூடிசிநவ் 3.12 முதல் எச்சரிக்கை தருகிறது, இன்னும் நீக்கப்படவில்லை. அதன் மாற்று, நவ் என்பதற்குள் டைம்சோன்.யூடிசி என்று கொடுத்து அழைப்பது. தேடி மாற்றும் கட்டளையால் இதைச் செய்யவே செய்யாதீர்கள். பழையது நேர மண்டலம் அறியாத மதிப்பைத் தந்தது, புதியது அறிந்த மதிப்பைத் தருகிறது. இரண்டையும் கழித்தாலோ, சிறியது பெரியது என்று ஒப்பிட்டாலோ வகைப் பிழை வரும். அது நல்லது, தெரிந்துவிடும். சமமா என்று கேட்டால் மட்டும் பிழை எதுவும் வராமல் "இல்லை" என்ற விடை வரும்.

என் லைப்ரரியில், கோப்பில் பதிந்த நேரமும் இப்போது கணக்கிட்ட நேரமும் ஒன்றானால் மறுபடியும் படிக்க வேண்டாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. மாற்றிய பிறகு அந்நிபந்தனை ஒருபோதும் நிறைவேறவில்லை. எல்லாச் சோதனைகளும் பச்சை, ஆனால் ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதும் மறுபடி படிக்கப்பட்டது. மேலும் புதிய மதிப்பை ஐஎஸ்ஓ வடிவில் அச்சிட்டால் இறுதியில் கூட்டல் 00:00 சேரும், இதனால் அந்த உரையைப் படிக்கும் பிற நிரல்கள் தடுமாறக்கூடும். வெளி வடிவத்தை மாற்ற விரும்பாதவர்கள் புதிய மதிப்பைப் பெற்ற உடனேயே அதன் மண்டலத் தகவலை நீக்கிவிட்டு, பழைய நடத்தையையே ஒரே ஒரு உதவிச் செயற்கூறில் அடைத்து வைக்கலாம். டேட்டைம்.யூடிசி என்ற குறுக்குப் பெயர் 3.11இல்தான் வந்தது என்பதால் 3.10ஐயும் ஆதரிப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

3.13இல் விளக்கச் சரங்களின் முன்னிடைவெளியைப் பைத்தானே வெட்டிவிடுகிறது. உதவி உரையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை இருந்தால் அது மட்டும் தோற்கும்; சோதனையைத் திருத்தினால் போதும், நிரலைத் தொட வேண்டாம்.

8. பழைய பதிப்புகளில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தல்

ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. 3.8க்கு அது 2024 அக்டோபரிலும், 3.9க்கு 2025 அக்டோபரிலும் முடிந்தது. ஒருவர் இருவர் பராமரிக்கும் லைப்ரரி ஆதரவு முடிந்த பதிப்புகளைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கைவிடுவதைப் புதிய பதிப்பைச் சேர்க்கும் அதே வெளியீட்டில் செய்யாமல், அடுத்த வெளியீட்டில் செய்யுங்கள். இடையில் சிக்கியவர்களுக்கு இரண்டிலும் ஓடும் ஒரு பதிப்பு கிடைக்கும்.

இரு பதிப்புகளுக்கும் வெவ்வேறு வழி தேவைப்பட்டால் சிஸ்.வெர்ஷன் இன்ஃபோவை எண் வரிசையோடு ஒப்பிடுங்கள். பதிப்புச் சரத்தின் முதல் மூன்று எழுத்துகளை வெட்டி ஒப்பிடும் பழைய நிரல் 3.13ஐ 3.1 என்று படித்து, உங்கள் லைப்ரரி மிகப் பழைய பைத்தானில் ஓடுவதாக முடிவு செய்யும்.

9. தானியங்கிச் சோதனையில் சேர்த்தல்

தானியங்கிச் சோதனைச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பயன்படுத்தினால், அதன் அமைப்பை எழுதும் யாமல் கோப்பில் பதிப்பு எண்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். மேற்கோள் இன்றி எழுதிய 3.10ஐ யாமல் ஒரு தசம எண்ணாகக் கொண்டு 3.1 என்று சுருக்கிவிடும். ஒன்று தோற்றால் மற்றவற்றை நிறுத்தும் இயல்பையும் அணைத்துவிடுங்கள். எந்தப் பதிப்புகளில் மட்டும் தோல்வி என்பதே இங்கு உங்களுக்கு வேண்டிய தகவல்.

சோதனை, மூலக் கோப்புறையை அல்லாமல் நிறுவப்பட்ட தொகுப்பையே பிடிக்க வேண்டும். நிரலை ஒரு உட்கோப்புறைக்குள் நகர்த்தினால் இது தானாக அமையும்.

10. அறிவிப்பு வரிகளை எழுதுதல்

புதியவர்கள் முதலில் செய்வது இதைத்தான். நான் இதைப் பத்தாவதாக வைத்திருக்கிறேன். 3.13ஐ ஆதரிக்கிறது என்று சொல்லும் வகைப்பாட்டு வரி வெறும் தகவல், அதைச் சேர்ப்பதால் எதுவும் ஓடிவிடாது, சேர்க்காததால் எதுவும் நின்றுவிடாது. பிப் பார்ப்பது தேவைப்படும் பைத்தான் பதிப்பைச் சொல்லும் வரியை மட்டுமே.

அவ்வரியில் கீழ் எல்லையை மட்டும் எழுதுங்கள். "3.14க்குக் கீழ்" என்று மேல் எல்லை இட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் 3.14இல் நிறுவ முயலும் பயனருக்குப் பிப் பிழை காட்டி நிற்காது. மேல் எல்லை இல்லாத உங்கள் பழைய வெளியீடு ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுவிவிடும். அதில் இப்போது நீங்கள் திருத்திய எதுவும் இருக்காது.

11. வெளியிடுதல்

வீல் கோப்பைக் கட்டி, களஞ்சியத்துக்கு வெளியே ஒரு வெற்றுக் கோப்புறையில், செட்டப்டூல்ஸ் இல்லாத புதிய 3.13 சூழலில் அந்த வீலை மட்டும் நிறுவி, இறக்குமதி செய்து, ஒரு மாதிரிக் கோப்பைப் படிக்க வைத்துப் பாருங்கள். களஞ்சியத்துக்குள் இருந்தே இதைச் செய்தால் பக்கத்திலுள்ள மூல நிரலே இறக்குமதியாகி, வீலில் விடுபட்ட தரவுக் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஒத்திகைக்கான டெஸ்ட்பைபிஐயில் ஒரு முறை ஏற்றிப் பார்த்த பிறகே, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றுங்கள். பைபிஐயில் ஒரு முறை பயன்பட்ட கோப்புப் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. தவறு தெரிந்தால் அந்த வெளியீட்டை யாங்க் செய்துவிட்டு (அழிக்காமல் விலக்கி வைத்துவிட்டு), அடுத்த எண்ணில் திருத்தி வெளியிடுங்கள்; யாங்க் செய்ததைப் பிப் தானாகத் தேர்ந்தெடுக்காது, ஆனால் அதே எண்ணைச் சமக்குறியிட்டுப் பூட்டியிருப்பவர்களின் நிறுவல் உடையாமல் தொடரும்.